வாசனை வெளியே போகாத வீடு

சமையலறை ஜன்னலில் கார்குழலி ஒட்டியிருந்த டேப்புக்கு அடியில் ஏற்கெனவே ஒரு டேப் இருந்திருக்கிறது. குடிவந்த அன்றே அந்தப் பிசின் கோட்டை அவள் பார்த்திருந்தாள். பெயின்ட் அடித்தவர்கள் விட்டுப்போனது என்று நினைத்து அதன் மேலேயே தன்னுடையதை ஒட்டிவிட்டாள். இன்று சாயங்காலம், மழை ஈரத்தில் மூலை பிரிந்திருந்த டேப்பை அழுத்திவிடப் போனபோதுதான் கவனித்தாள். பழைய கோடு ஓரிடம் விடாமல் ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஓடியது. மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையைச் சுற்றியும் அதே கோடு. சந்தேகம் வந்து கூடத்துக்குப் போய் வாசல் கதவைப் பார்த்தாள். நிலையின் உள்பக்கத்திலும் அதே கோடு இருந்தது. எந்தப் பெயின்ட்காரனும் வீட்டுக்குள் இருந்துகொண்டு வாசல் கதவை ஒட்டமாட்டான்.

முன்னால் குடியிருந்தவர்களுக்கும் புகை ஆகாதோ என்னவோ. தொழிற்சாலைகள் சூழ்ந்த திருவொற்றியூரில் அது ஒன்றும் அதிசயமில்லை. காற்று திரும்பினால் அழுகின முட்டையும் டீசலும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் வரும், தெரு முழுக்க ஜன்னலைச் சாத்தும். வீட்டுக்காரம்மா வரலட்சுமியிடம் கார்குழலியும் அதைத்தான் சொல்லியிருந்தாள். புகை உள்ளே வரக் கூடாதென்றுதான் ஜன்னலுக்கு பாலிதீன் ஷீட் போட்டு டேப் ஒட்டுகிறேன் என்று. உண்மை அதற்கு நேர் எதிர். உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது.

புளியந்தோப்பில் அவள் அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வறுபட்டால் அந்த வாசனை மாடி மாடியாக ஏறி இறங்கும். யாரும் மூக்கைப் பொத்தியதில்லை, தட்டைத்தான் நீட்டினார்கள். கல்யாணமாகி வாடகைக்கு வீடு தேடியபோதுதான் உலகம் தெரிந்தது. பேரைக் கேட்பார்கள், எந்த ஏரியா என்று கேட்பார்கள், சமையலறையைக் காட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அலைந்து சலித்த பிறகு கிடைத்தது இந்த மாடி வீடு. "மீனு ஆக்கிக்கோ, கோயி ஆக்கிக்கோ, ஆட்டுக்கறி ஆக்கிக்கோ. அது மட்டும் வோணாம்மா. வாசன வந்துச்சுன்னா அன்னிக்கே காலி பண்ணிடணும்" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள் வரலட்சுமி. புருஷன் உதயா தலையாட்டினான், கார்குழலியும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளே எரியும். ஆனால் வயிற்றில் பிள்ளை புரள ஆரம்பித்துவிட்டது. இந்த வீடும் போனால் மறுபடி தெருத் தெருவாக அலைய அவள் உடம்பில் தெம்பில்லை.

வயிற்றுப் பிள்ளைக்கோ மாட்டுக்கறி மேலேயே ஆசை. அதற்கு வழி கப்பலில் வந்தது. உதயா வேலை பார்த்த கம்பெனி, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் அரிசியும் ஏற்றிவிடும். ஊருக்கு இறங்கிப் போன ஒரு கப்பல் சமையல்காரர் தன்னிடமிருந்த கருவி ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பானைத் தண்ணீரில் நிறுத்தினால் அது முனகிக்கொண்டே தண்ணீரைச் சுழற்றி, ஒரே சூட்டில் வைத்திருக்கும். மசாலா தடவிய கறியை பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றில்லாமல் மூடி, அந்த வெந்நீருக்குள் ஒரு நாள் பூராவும் கிடத்திவிட வேண்டியதுதான். கொதிக்காது, விசில் வராது, வாசனையும் வராது. சூ-வீட் என்று பேராம்.

செல்போனில் அவளும் ராயபுரம் ஞானபாக்கியமும் கொருக்குப்பேட்டை காத்தூன் பீவியுமாக ஒரு சமையல் குரூப் வைத்திருந்தார்கள். எழுத மூவருக்கும் சோம்பல், எல்லாம் வாய்ஸ்தான். நாளைக்கு ஞானபாக்கியம் வீட்டில் ஆளுக்கொரு ரோஸ்ட் என்று பேச்சு. காலையிலிருந்து குரூப்பில் கார்குழலியின் தலைதான் உருண்டது.

"அடியே கொழலி, குக்கர்ல வச்சி நாலு விசிலு வுட்டா பஞ்சாட்டம் வெந்துரும். அத்தப் போயி ஒரு நாளு பூரா வெந்நில குளிப்பாட்டிகினு கீற" என்றாள் காத்தூன் பீவி.

ஞானபாக்கியத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "ரோஸ்ட்டுன்னா தொடக்கறிய முழுசா இரும்புச் சட்டில போட்டு எல்லாப் பக்கமும் செவக்க வுடணும். மொளகு வெடிக்கிற வாசன தெரு முனைக்குப் போவணும். வாசனயே இல்லாம இன்னாடி ரோஸ்ட்டு அது?"

"வேவுறது மட்டும்தான்க்கா இங்க. செவக்க வைக்க உன் வூட்டுக்குத் தூக்கினு வந்துர்றேன்" என்றாள் இவள்.

"சரி, கவர்ல காத்து நிக்காம பாத்துக்கோ. காத்து இருந்தா மெதக்கும். மெதந்தா கெட்டுப்பூடும்" என்றாள் ஞானபாக்கியம்.

"காத்த உறிஞ்சுற மிஷினு ஏதுக்கா எங்கிட்ட? ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவ வுட்டு வாயாலயே உறிஞ்சிட்டேன். கவரு கறியோட ஒட்டிப்பூச்சி."

ஞானபாக்கியம், சிரிப்பா அருவருப்பா என்று தெரியாத குரலில் கேட்டாள். "செத்ததுக்குள்ள இருந்த காத்தயா உள்ள இழுத்த? துப்பினியா?"

"காத்த எப்டிக்கா துப்புறது?" என்று கார்குழலி சிரித்தாள். ஸ்ட்ராவைக் கழுவி மேடையில் ஒரு டம்ளரில் போட்டு வைத்தாள். எதையும் தூக்கியெறிய அவளுக்கு மனசு வராது.

அது காலையில். இப்போது சாயங்காலம். டேப் கோட்டைப் பார்த்துவிட்டு சமையலறைக்குத் திரும்பியவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கவர் மிதந்துகொண்டிருந்தது.

ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் இடிகல்லை வைத்தாள். கவர் அமிழ்ந்தது. உள்ளே கறி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. கருவி முனகிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பி மிளகு டப்பாவை மூடுவதற்குள், பின்னால் கல் நகர்ந்து பானையின் விளிம்பில் இடித்த சத்தம் கேட்டது.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

வரலட்சுமி உள்ளே வரவில்லை. ஈரக் குடையோடு வாசலிலேயே நின்று மூக்கை லேசாகத் தூக்கினாள். கார்குழலி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள். யாரோ சொல்லிவிட்டார்கள். உதயாவுக்கு நாக்கு நிற்காது, டீக்கடையில் யாரிடமாவது உளறியிருப்பான்.

"இன்னாம்மா, வூட்ல ஆளு கீதா இல்லியான்னே தெரில. ஒரு சத்தம் கெடயாது, ஒரு வாசன கெடயாது."

"பொகைக்குத்தான் ஆன்ட்டி சாத்தி வச்சிக்கீறேன்."

"முன்ன இருந்த பொண்ணும் இதான் சொல்லிச்சு. தங்கமான பொண்ணு. அது வூட்லேர்ந்து ஒரு நாளும் ஒண்ணும் வெளிய வந்ததில்ல." வரலட்சுமியின் பார்வை இவள் தோளைத் தாண்டி சமையலறைக்குப் போயிற்று.

"அவங்க எங்க போனாங்க ஆன்ட்டி?"

"யாரு கண்டா? தாப்பா உள்ளாறதான் போட்டுகினு இருந்துச்சு. ஒடச்சித்தான் தொறந்தோம். உள்ள யாருமே இல்ல. பானைல தண்ணி மட்டும் வெதுவெதுன்னு கீது." குடையை உதறிக்கொண்டாள். "நீயி பயந்துக்காத. நீயும் நல்ல பொண்ணுதான்."

அவள் படியிறங்கிப் போன பிறகும் கார்குழலி கதவைப் பிடித்தபடி நின்றாள். கதை கட்டுகிறாள் கிழவி. காலி பண்ணு என்று நேரே சொல்ல வாய் வராமல் பயங்காட்டிக் கிளப்பப் பார்க்கிறாள். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்தால் ஆள் எப்படி இல்லாமல் போகும்? கிழவியிடம் மாற்றுச் சாவி இருக்கும், நாம் இல்லாத நேரம் உள்ளே வந்து பானையைத் திறந்து பார்ப்பாள். இப்படி நினைக்க நினைக்க பயம் போய்க் கோபம் வந்தது, கோபம் கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுத் திரும்பியதும் அந்த வாசனை வந்தது.

மாட்டுக்கறி வாசனை. அதுவும் வெந்த வாசனையில்லை, இரும்புச் சட்டியில் கொழுப்பு உருகி, மிளகு வெடித்து, ஓரம் கருகச் சிவந்த ரோஸ்ட்டின் வாசனை. சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு பற்றவைக்கவேயில்லை. கவர் முழுசாக மூடியிருந்தது. குனிந்து பானையை முகர்ந்தாள், வெறும் வெந்நீர். ஜன்னலருகே போனாள், அங்கே வாசனை தூக்கலாக இருந்தது. பழைய பிசின் கோட்டில் மூக்கை வைத்தாள். அங்கிருந்துதான் வந்தது.

எங்கிருந்து வந்தால் என்ன, கீழே போனால் வீடு போச்சு. இதைத் தவிர வேறெதுவும் அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. டேப் சுருளை எடுத்தாள். ஜன்னலை மறுபடி ஒட்டினாள், ஃபேன் ஓட்டையை ஒட்டினாள், சிங்க் குழாயின் ஓட்டையில் துணியை அடைத்தாள். வாசல் கதவின் இடுக்கு முழுக்க, நிலையிலிருந்த பழைய கோட்டின் மேலேயே, மேலிருந்து கீழ்வரை டேப்பை இழுத்து ஒட்டினாள். அடியில் ஈரத் துண்டைச் செருகினாள். ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது முதுகு வியர்த்திருந்தது. சுவரைத் தொட்டாள். சுவரும் வியர்த்திருந்தது. மழைக்காலத்துச் சுவர் ஜில்லென்று இருக்க வேண்டும். இது சுடவுமில்லை, ஆறவுமில்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

பானையில் கவர் மறுபடி மேலே வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல உப்பியது, மெல்லச் சுருங்கிக் கறியோடு ஒட்டியது, மறுபடி உப்பியது. தண்ணீர் சுழற்சியில் அசைகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவள் மூச்சை வெளியே விடும்போது அது உப்பியது. உள்ளே இழுக்கும்போது சுருங்கியது. பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது நிற்கவில்லை.

காற்று போதவில்லை. ஜன்னலைத் திறந்துவிடலாம், வாசனை போனால் போகட்டும், வீடு போனால் போகட்டும் என்று நகத்தால் டேப்பைச் சுரண்டினாள். வரவில்லை. ஓரத்தில் கொஞ்சம் கிழிந்த இடத்தில் அடியிலிருந்த மரச்சட்டம் தெரிந்தது. அதில் கீறல்கள். நெருக்கமாக, நாலு நாலாக. நகக் கீறல்கள்.

போனை எடுத்தாள். உதயாவுக்குக் கால் போகவில்லை. குரூப்பில் பட்டனை அழுத்திப் பேசினாள். "அக்கா, மூச்சு முட்டுது, யாரயாச்சும் அனுப்பு." உடனே ஞானபாக்கியத்தின் பதில் வந்தது.

"ஒரு பேச்சும் கேக்கலடி. மூச்சு வுடற சத்தம்தான் வருது." அடுத்த வாய்ஸில், "யாருடி அது உம் பக்கத்துல? ரெண்டு பேரு மூச்சு வுடறீங்க."

போன் அணைந்தது.

படியில் செருப்புச் சத்தம். உதயாவின் நடை. அவள் கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளை நீக்கி இழுத்தாள். கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, கறியோடு கவர் ஒட்டுவது போல. காலடியில் ஈரத் துண்டு மெல்ல நகர்ந்து, தானாகவே இடுக்குக்குள் இறுகிக்கொண்டது.

"கொழலி? ஏய், கொழலி." வெளியிலிருந்து தட்டினான்.

இவளும் தட்டினாள். உள்ளங்கை டேப்பில் பதிந்தது. சத்தம் எழவில்லை. உதயா என்று கத்தினாள். வாய்தான் திறந்தது. குரல் எழும்பக் காற்று வேண்டும்.

"பூட்டிகினு எங்கனா வெளிய போயிருக்கும்பா." வரலட்சுமியின் குரல். "உள்ள இருந்தா ஒரு வாசனயாச்சும் வராதா?"

"ராயபுரத்துக்குத்தான் போயிருப்பா. நா போயி கூட்டினு வர்றேன்." அவன் கதவருகே குனிந்து முகர்ந்துவிட்டு, திருப்தியாகச் சொன்னான். "ஒண்ணுமே வரல ஆன்ட்டி."

இரண்டு பேரின் காலடிகளும் கீழே இறங்கிப் போயின.

சமையலறையில் கருவியின் முனகல் நின்றது.

அவள் திரும்பினாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை வேகமாகப் புரண்டது. பிறகு அசையவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தேய்த்தபடி சமையலறை வாசல்வரை வந்தாள். பானையில் கவர் மூழ்கிக் கிடந்தது. துளியும் காற்றில்லாமல் இறுகியிருந்தது. மேடையில் டம்ளர் இருந்தது. அதற்குள் ஸ்ட்ரா இல்லை.

மூச்சு மட்டும் கேட்டது. அவளுடையது இல்லை.

ஜன்னலில் பாலிதீன் ஷீட் உள்பக்கமாக உப்பியிருந்தது. அதற்கும் சாத்திய கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை. அந்த இடத்திலிருந்து ஒரு நெற்றி ஷீட்டை முட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே மூக்கு. இரண்டு பக்கமும் விரித்த கைகள், பத்து விரலும் தெரிய. முகத்தில் பாலிதீன் இறுக ஒட்டி, கன்னம் இரண்டும் குழிந்திருந்தன.

குவிந்த உதடுகளின் நடுவே ஷீட்டைத் துளைத்து அவளுடைய ஸ்ட்ரா அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அது உறிஞ்சிக்கொண்டிருந்தது.