அவள்மேல் விழாத கட்டம்

கேமரா காட்டும் கட்டம் மனைவியின் முகத்தில் விழவில்லை. அவள் தலையைத் தாண்டி, பின்னாலிருந்த அடுப்படி வாசலில் போய் விழுந்தது. ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரம். ஆனால் வாசலில் ஆள் இல்லை.

கல்யாண வீடுகளில் படம் எடுத்தே முதுகு ஒடிந்த மனுஷன் அவன். புதுக் கேமரா சத்தமே போடாமல் நொடிக்கு முப்பது படம் எடுக்கும். ஒரு முகத்தைப் பழக்கி வைத்துவிட்டால், எத்தனை கூட்டத்திலும் அதைத் தேடிப் பிடித்துக் கட்டம் போட்டுக் காட்டும். நேற்றுத்தான் மனைவி முகத்தைப் பழக்கியிருந்தான். இன்று அவளுக்கு வேலை விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும்.

“என்னங்க, திருதிருன்னு முழிக்கிறீங்க?”

“உன்னை விட்டுட்டு வாசலைப் பாக்குது.”

“அங்க எவ நிக்கிறா, என்னைவிட லட்சணமா?”

அவனும் சிரித்து வைத்தான். கேமராவை அணைத்து மறுபடி போட்டான். மழைத்தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தமும், காயாத துணியின் முடை நாற்றமும், சன்னல் வழி வந்த சாம்பல் வெளிச்சமும் அறையை அடைத்துக்கொண்டிருக்க, அவன் கேமராவில் கண்ணை வைத்தபோது கட்டம் வாசலைவிட்டு ஃபிரிட்ஜ் பக்கம் வந்திருந்தது, முன்னைவிடச் சற்றுப் பெரிதாக. முகம் கிட்டே வந்தால்தான் கட்டம் பெரிதாகும்.

கேமராவை இறக்கினான். வெறும் ஃபிரிட்ஜ். ஏதோ பழுது, கடைக்காரனைத்தான் பிடிக்க வேண்டும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான்.

“கழுத்துல யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்குங்க. நான் எந்திரிக்கிறேன்.”

“அசையாத. ஒரே நிமிஷம்.”

உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிய சொல். அவளும் கட்டுப்பட்டாள்.

கட்டம் நாற்காலிக்குப் பின்னால் வந்தது. தோளுக்கு மேலே. காதோரம். பிறகு அவள் முகத்தில் சரியாக உட்கார்ந்தது.

அப்பாடா என்றிருந்தது. விரல் தானாக அழுத்தியது.

எடுத்ததைத் திரையில் ஓட்டினான். நாற்காலியில் இருந்த முகம் ஊசிமுனைபோலக் கூர்மை. அவளுக்குப் பின்னால், வாசலில், மங்கலாக இன்னொருத்தி. மனைவி போட்டிருந்த அதே பச்சைச் சட்டை. வாய் அகலத் திறந்திருந்தது. கை அவனை நோக்கி நீண்டிருந்தது.

நிமிர்ந்தான். வாசல் காலி.

கண்ணை வைத்தான். நின்றாள்.

லென்ஸைத் திருகிக் கூர்மையை வாசலுக்கு இழுத்தான். ஒரு கணம் அந்தக் கண்கள் துலங்கின. அவன் மனைவி. ‘என்னங்க’ என்று உதடு அசைந்தது, சத்தமில்லை. அதற்குள் கூர்மை நழுவி நாற்காலிக்கே ஓடியது. மறுபடி இழுத்தான். மறுபடி ஓடியது. வாசலில் நின்றவளைக் கேமரா அறியவே இல்லை.

விடாமல் அழுத்தினான். ஒவ்வொரு படத்திலும் அவள் இன்னும் உள்ளே. இன்னும் சின்னதாக.

“போதுங்க, எத்தனை எடுப்பீங்க?” நாற்காலியில் இருந்தவள் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரமான பிடி. அசைக்க முடியவில்லை.

கடைசிப் படம் திரையில் நின்றது. இருட்டுக்குள் கடுகளவு முகம். வாய் இன்னும் மூடவில்லை.