பாபுவின் மஞ்சள் போட்டோ

அசாமில் ராணுவ வேலையில் இருந்த அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. படித்ததும் அம்மா சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாபுவுக்கு மஞ்சள் காமாலையான்னு கேக்குறாரு. உடனே லீவு போட்டு வராராம்!"

ரத்னா தொட்டிலை எட்டிப் பார்த்தாள். தம்பி பாபு கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு நோயும் இல்லை.

எல்லாம் அந்தக் கலர் போட்டோவால் வந்த வினை. அப்பா இன்னும் பாபுவைப் பார்த்ததில்லை. அதனால் மறைமலை நகரில் வேலை செய்யும் பாண்டுரங்கன் மாமா, கேமரா இரவல் வாங்கி வந்து படம் எடுத்தார். அன்று அடைமழை. வீட்டுக்குள்ளேயே, தொட்டிலுக்கு மேல் தொங்கிய குண்டு பல்பைப் போட்டு, ப்ளாஷும் அடித்து எடுத்தார். படத்தில் பாபு பூசணிப் பூ மாதிரி மஞ்சளாக இருந்தான். அதுதான் அப்பாவுக்குப் போயிருந்தது.

"இப்ப லீவு எடுத்துட்டா பொங்கலுக்கு வர முடியாதே. நல்லா கீறான்னு எழுதினா நம்புவாரா?" என்றாள் அம்மா.

விஷயம் தெரிந்து மாமா மறுபடியும் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் அந்தப் படத்தின் இன்னொரு பிரதி இருந்தது. ரத்னா அதை வாசலுக்குக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

"மாமா, தம்பிக்குக் காமாலைன்னே வச்சுக்குவோம். அவன் வெள்ளைச் சட்டைக்குமா காமாலை?"

மாமா வீடே அதிரச் சிரித்தார். "படம் கழுவுனவங்க சொதப்பிட்டாங்க."

"அப்போ பூனை மட்டும் எப்படி வெள்ளையா கீது?"

படத்தின் ஓரத்தில், கேமராவுக்கு மிக அருகே, பக்கத்து வீட்டுப் பூனை குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பால் மாதிரி வெள்ளை!

ரத்னா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். பல்பைப் போட்டாள். தாளின் ஒரு பாதி பல்புக்குக் கீழும் மறு பாதி ஜன்னல் வெளிச்சத்திலும் இருக்குமாறு பிடித்தாள்.

"பாருங்க மாமா!"

பல்புப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது.

"ஆமா இல்ல! இத்தினி நாளா பல்பு வெளிச்சம் வெள்ளைன்னு கண்ணு நம்மள ஏமாத்திகினு கீது," என்றார் மாமா.

"பூனை மேல ப்ளாஷ் பட்டுச்சு. தம்பி தூரமா இருந்தான், ப்ளாஷ் சரியா எட்டல. பல்பு வெளிச்சம்தான் அவன் மேல. பல்பை அணைச்சிட்டு, கிட்ட வச்சு எடுங்க."

"இருட்டாயிடுமே?"

"ப்ளாஷ் எதுக்கு கீது?"

மாமா தயங்கினார். கேமராவை மறுநாள் திருப்பித் தர வேண்டும். கேமராவின் சொந்தக்காரர் உள்ளே போட்டிருந்த பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

"சரி, நீ சொல்றபடியே ஆகட்டும்."

அம்மா பாபுவை மடியில் வைத்து, கேமராவுக்கு எதிரே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ரத்னா சுவிட்சை அணைத்தாள்.

பளிச்!

பாபு வீடே அதிர அலறினான்.

மெட்ராஸிலிருந்து படம் கழுவி வரும்வரை ரத்னாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்ததும் முதலில் சட்டையைத்தான் பார்த்தாள். வெள்ளை! பாபுவும் தன் சொந்த மாநிறத்தில் இருந்தான். வாய் மட்டும் அகலமாகத் திறந்திருந்தது.

அன்றே அது அசாமுக்குப் போனது. பதில் வந்ததும் ரத்னா சத்தமாகப் படித்தாள்.

'காமாலை இல்லை என்று தெரிந்துகொண்டேன். பொங்கலுக்கே வருகிறேன். பையனுக்கு என் நிறம், என் மூக்கு. தொண்டை மட்டும் அவன் மாமாவுடையது. போட்டோவிலேயே எனக்குக் காது வலிக்கிறது!'