இடது கண் முப்பத்திரண்டு

பகல் பதினொன்றே முக்கால்.

மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப் பையைத் துழாவினார்.

மூச்சு உள்ளே போகவில்லை. வெளியே வரவும் இல்லை...

பக்கத்தில் இருந்தவர் என்ன ஏதென்று திரும்புவதற்குள் தரையில் சரிந்துவிட்டார்!

அது கண் ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெரியவரைப் பின்பக்க அறைக்குத் தூக்கிப்போய் வெள்ளைத் துணி போர்த்தினார்கள்.

ஒரு மணிக்கு போலீஸ் ஜீப் வந்தது.

ஒன்றரைக்கெல்லாம் குற்றவாளியும் தயார்!

பெயர், பிரஷர்.

பட்டப்பெயர்தான். நோயாளிகளின் கண் அழுத்தத்தை அளந்து எழுதும் டெக்னீஷியன் அவள். பன்னிரண்டு வருடமாக அதே இருட்டு அறை, அதே சுழலும் ஸ்டூல். வேலையால் வந்த பெயரா, முன்கோபத்தால் வந்த பெயரா என்று ஆஸ்பத்திரியில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டுவிட்டு முழுசாக வெளியே வர வேண்டுமே!

பெரிய டாக்டரின் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர். இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். சுவரோரம் தலைமை நர்ஸ், தரையையே பார்த்தபடி.

மேஜை மேல் டைப் அடித்த காகிதம் ஒன்று கிடந்தது. பெரியவருக்கு மூச்சுத் தொந்தரவு உண்டா என்று விசாரிக்காமல், அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்தை நான்தான் போட்டேன் என்று அவளே சொல்வதுபோல் அதில் இருந்தது. அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்தச் சொட்டு கண்ணுக்கு நல்லது. வீசிங் உள்ளவனுக்கு எமன். கண்ணில் விட்ட ஒரு துளி உள்ளே இறங்கி மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். கண் ஆஸ்பத்திரியில் சேருகிற எவருக்கும் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் இது.

"கையெழுத்துப் போட்டுடும்மா..." பெரிய டாக்டரின் குரலில் தேன் வழிந்தது. "கவனக்குறைவுன்னு போயிடும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"நான் போடாத சொட்டுக்கு நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?"

தேன் நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

சொன்னாள்.

பெரியவர் வந்தது புதுக் கண்ணாடிக்காக. அழுத்தம் பார்ப்பது வழக்கமான சடங்கு. மரத்துப்போகும் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் அளந்தாள். வலது கண் பதினைந்து. இருபத்தொன்று வரைக்கும் கவலை இல்லை. சட்டைப் பையில் மூச்சு மருந்து இழுக்கும் குழல் எட்டிப் பார்த்ததால், வீசிங் உண்டு என்பதையும் சீட்டில் எழுதி ஃபைலில் செருகினாள். வெளியே உட்காரச் சொன்னாள். மற்ற பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. பெரியவர் மூன்றாம் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மூணாம் பெஞ்சுல என்ன?"

"அது பிரஷர் பெஞ்ச் சார், கண்ணழுத்தம் கூடினவங்களுக்கு. அதுல யார் உக்காந்திருந்தாலும் சொட்டு விழும். டாக்டர் ஆபரேஷன் முடிச்சு வர்றதுக்குள்ள வரிசையா போட்டு வச்சிடணும்னு உத்தரவு. ஃபைலை யாரும் பிரிச்சே பார்க்கறதில்ல. இது தப்புன்னு ரெண்டு தடவை அவர்கிட்டயே சண்டை போட்டிருக்கேன்."

தலைமை நர்ஸின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

பெரிய டாக்டர் சிரித்தார். கம்ப்யூட்டர் திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

வலது கண் 34. இடது கண் 32. மூச்சுத் தொந்தரவு இல்லை.

எல்லாம் அவள் பெயரில் ஏறியிருந்தது!

"என் சீட்டு எங்கே?" என்றாள்.

ஃபைலில் சீட்டு எதுவும் இல்லை. சொட்டைப் போட்டது யார் என்று இன்ஸ்பெக்டர் நர்ஸைக் கேட்டார்.  பிரஷர்தான் என்று அவள் முணுமுணுத்தாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிரஷருக்குப் பயம்தான். பொய் சொல்வானேன்! எதிரே கம்ப்யூட்டர், சாட்சிக்கு நர்ஸ், பக்கத்தில் போலீஸ். கையெழுத்துப் போட்டாலும் ஜெயில், போடாவிட்டாலும் ஜெயில். சர்ட்டிபிகேட் பறிபோகும். இனி ஒரு கண் அருகே அவளை யாரும் விடமாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பெரியவரின் மகள்.

அழுது வீங்கிய முகத்தோடு நேராக பிரஷர் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கப்பாவைக் கொன்னது நீதானா?"

"இல்லைம்மா. ஆனா யாருன்னு தெரியாம நீங்க வீட்டுக்குப் போகப் போறதில்ல. அஞ்சு நிமிஷம் வெளியே இருங்க."

மகள் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, வெளியே போனாள்.

பிரஷர் மூலையில் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை!

திரையில் அந்த எண்களைப் பார்த்ததுமே அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. இப்போதே வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். கம்ப்யூட்டரில் ஏற்றியது தவறு, கை தவறிப்போச்சு என்று டாக்டர் நழுவிவிடுவார். அவர் வாயாலேயே வர வேண்டும். அவர் கையாலேயே எழுத வேண்டும்.

"சார், நான் கையெழுத்துப் போடறேன்."

பெரிய டாக்டரின் முகம் மலர்ந்தது.

"ஆனா ஒண்ணு. என் அளவு சரின்னு டாக்டர் நேர்ல பார்த்து உறுதி பண்ணினாரா? நோயாளியைப் பார்க்காமலே சொட்டு போடச் சொன்னாருன்னா அது தனி கேஸாச்சே சார்?"

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. பெரிய டாக்டரைப் பார்த்தார்.

"பார்க்காம இருப்பேனா?" என்றார் டாக்டர். "ஆபரேஷனுக்கு நடுவுல வந்து நானே அளந்தேன். முப்பத்திநாலு, முப்பத்திரண்டு. சொட்டு அவசியம்தான். வீசிங் இருக்கான்னு கேட்க வேண்டியது இவ பொறுப்பு."

"ரெண்டு கண்ணும் அளந்தீங்களா சார்?"

"ரெண்டும்தான்."

"இடது கண்ணுமா?"

"அதுலதான் சிரமமே. அந்தாளு சும்மா சிமிட்டிக்கிட்டே இருந்தாரு. இமையை விரலால பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவை அளந்தேன்!"

"இதை அப்படியே எழுதி வாங்குங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "அவர் போட்டதும் நான் போடறேன்."

டாக்டர் மளமளவென்று எழுதினார். இமையைப் பிடித்தது, இரண்டு தடவை அளந்தது, இரண்டு தடவையும் முப்பத்திரண்டே வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதினார். கீழே வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து. தேதி. நேரம்.

பேனாவை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து மகளை உள்ளே கூப்பிட்டாள்.

"அம்மா, உங்கப்பாவோட இடது கண்ணைப் பத்திச் சொல்லுங்க."

மகள் விழித்தாள். "இடது கண்ணா? அது எங்க இருக்கு? எனக்கு அஞ்சு வயசா இருக்கறப்பவே பட்டறையில இரும்புத்தூள் தெறிச்சுப் போயிடுச்சு. இப்ப இருக்கறது பிளாஸ்டிக். வாரா வாரம் கழட்டிக் கழுவிக் கொடுக்கறதே நான்தான்..."

இன்ஸ்பெக்டர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

பெரிய டாக்டரின் கை எழுதிய காகிதத்தை நோக்கி நகர்ந்தது. இன்ஸ்பெக்டரின் கை முந்திக்கொண்டது!

"எங்கிட்ட வந்து உக்காந்ததுமே சொல்லிட்டார் சார்," என்றாள் பிரஷர். "இந்தப் பக்கம் உனக்கு வேலை இல்லம்மான்னு சிரிச்சார். அதனால சீட்டுல இடது கண்ணுக்கு நேரா ஒரு கோடு மட்டும் போட்டேன். இவர் சீட்டைக் கிழிக்கறப்ப அந்தக் கோட்டைப் பார்த்து, நான் அளக்க மறந்துட்டேன்னு நினைச்சிருக்கார். கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. இவரே ஒரு நம்பரைத் தட்டிட்டார். அந்தப் பெரியவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்திருந்தாக்கூட இந்தத் தப்பு வந்திருக்காது. உயிரோட பார்க்கல. செத்த பிறகும் பார்க்கல."

 மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சுவரோரம் விசும்பல் கேட்டது. தலைமை நர்ஸ். பெஞ்சில் வரிசையாகச் சொட்டு போட்டது தான்தான் என்றும், ஃபைலைப் பிரிக்கவே இல்லை என்றும், பிரஷர் மேல் பழியைப் போடச் சொன்னது டாக்டர் என்றும் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

டாக்டர் எழுந்தார். தனக்கு மந்திரியைத் தெரியும் என்றார். ஞாபக மறதி என்றார். வேறு ஏதோ நோயாளியோடு குழப்பிக்கொண்டதாகச் சொன்னார். மூன்றும் ஒரே மூச்சில் வந்தன.

டைப் அடித்த அந்த வாக்குமூலத்தை பிரஷர் எடுத்து, நாலாகக் கிழித்து, அவர் மேஜை மேலேயே வைத்தாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு என் ஸ்டூல்ல நான் இருப்பேன். மூணாம் பெஞ்சு இருக்காது."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெரிய டாக்டரின் முழங்கையைப் பிடித்தார்.

"பிளாஸ்டிக் கண்ணுக்கே ரெண்டு தடவை பிரஷர் பார்த்தவராச்சே டாக்டர்... வாங்க, எங்க லாக்கப் சுவத்துக்கும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க!"