நாளைக்குப் புதுப்பிச்சிருதேன், சார்

தூறல் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் திருப்பத்தில் ஒரு கை நீண்டது. ஜெனிலாவின் பழைய டி.வி.எஸ். வண்டி இருமிக்கொண்டே நின்றது.

அவள் முதலில் பார்த்தது அந்தக் கண்களைத்தான்... தொப்பியின் விளிம்பில் ஒரு மழைத்துளி தொங்க, அதற்குக் கீழே இரண்டு கண்கள். போலீஸ்காரருக்கு இப்படியா கண் இருக்கும்? அழுது முடித்த பிள்ளையின் கண் மாதிரி!

"ஆர்.சி. எடுங்க."

சட்டையில் பெயர்ப் பட்டை: பெனின். சப்-இன்ஸ்பெக்டர்.

பாலித்தீன் உறையை எடுத்து நீட்டினாள். அப்பா மடித்து வைத்த மடிப்பு. அவர் போன பிறகு அவள் அதைப் பிரித்ததே இல்லை.

"இது முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே?"

"ஐயோ... பாக்கல சார். நாளைக்குப் புதுப்பிச்சிருதேன் சார். இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. எட்டு மணிக்கு பேண்டேஜ் கம்பெனில நிக்கணும்."

நாளைக்கு என்றதும் அவன் முகம் கறுத்தது. மறுபடி தாளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஞானரத்தினம்... உங்களுக்கு யாரு?"

"அப்பா. போன வருசம் இதே ரோட்டுலதான்... நடந்து வந்தாவ. லோடு ஆட்டோ இடிச்சிருச்சு."

தாளை அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் குரல் இளகவில்லை.

"வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும். விட முடியாது."

"அப்பா வண்டி சார்! கல்லு நெஞ்சா உங்களுக்கு?"

பக்கத்தில் நின்ற ஏட்டு சமுத்திரம் குறுக்கிட்டார். "தாயி, இவர்ட்ட கெஞ்சிப் பிரயோசனமில்ல. சொந்த மச்சான் வண்டியவே பிடிச்ச மனுசன். தங்கச்சி மூணு மாசமா பேசல."

"பேசாதது ரொம்பச் சரி!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மழையில் டவுன் பஸ்சுக்கு ஓடினாள்.

பத்து நாள் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ். அபராதம் கட்டி வண்டியை மீட்டு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். வரிசையில் முன்னால் ஒரு கட்டம் போட்ட சட்டை திரும்பியது. அதே கண்கள்!

"நீங்க எங்க இங்க?"

"லீவு."

"லீவு போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸைச் சுத்திப் பாக்க வந்த ஒரே ஆளு நீங்கதான் சார்."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "வண்டி ஸ்டேஷன்ல நின்னப்போ பிரேக்கைப் பாத்தேன். நல்லாத் தேஞ்சிருந்துச்சு. புதுசு போட வச்சுட்டேன்."

இதற்கு ஏன் இவ்வளவு தலை குனிகிறான்? அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குனிந்த தலை மனசுக்குள் எங்கேயோ வந்து உட்கார்ந்துகொண்டது...

ஒரு கையெழுத்து விட்டுப்போக இன்னொரு நாள். வண்டியைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் லீவு, இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் அவன் வந்தான். ஃபாரம் நிரப்பினான். அப்பா என்ன சாப்பிடுவார், எப்படிச் சிரிப்பார் என்று கேட்டான். அப்பாவைப் பற்றி யாராவது கேட்டு எத்தனை மாதமாயிற்று! அவள் சொல்லச் சொல்ல, அந்தக் கண்கள் கலங்கின. இவரல்லவா மனுசன் என்று நினைத்தாள்.

பெயர் மாற்றம் முடிந்த அன்று, தூரத்தில் கோபுரத்தை மழை மறைத்துக்கொண்டிருக்க, "ஜெனிலா, ஒண்ணு சொல்லணும்" என்றான்.

தெரியும்... எனக்குத் தெரியுமே... அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். "சொல்லுங்க."

"உங்க அப்பாவ இடிச்ச லோடு ஆட்டோவ அன்னைக்குக் காலையில நான் நிறுத்தினேன். வண்டி ஓடத் தகுதின்னு வாங்குற எஃப்.சி. முடிஞ்சிருந்துச்சு. அந்த டிரைவர், 'நாளைக்கு எடுத்துருதேன் சார், வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல்'னு அழுதான். பாவமேன்னு விட்டுட்டேன். சாயங்காலம் அதுக்குப் பிரேக் பிடிக்கல. டிரைவர ஜெயில்ல போட்டாங்க. என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கல..."

துப்பட்டா நுனி கையிலிருந்து நழுவியது.

"ஆர்.சி.யில பேரப் பாத்த அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான்... எங்க அப்பாவப் பத்தி அம்புட்டும் கேட்டுக்கிட்டிருந்தீயளா?"

அவள் வண்டியை முறுக்கினாள். வழியெல்லாம் மழை. எது மழை, எது கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் பஞ்சு மார்க்கெட் வழியை விட்டாள். சுற்றித்தான் போனாள். அவனும் தேடி வரவில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சாயங்காலம் அப்பாவின் கல்லறையில் செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி நிமிர்ந்தாள். வாசல் கதவுக்கு வெளியே ஒரு கட்டம் போட்ட சட்டை. கையில் ஏற்றாத மெழுகுவர்த்திக் கட்டு. உள்ளே வரக் கால் வராமல் நின்றுகொண்டிருந்தான்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "வாங்க" என்றாள்.

வந்தான். மண்டியிட்டான். காற்றுக்குத் தீக்குச்சி மூன்று முறை அணைந்தது. நான்காவது முறை அவள் தன் இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொடுத்தாள்.

"அப்பா எதுக்கு அன்னைக்கு நடந்து வந்தாவன்னு நீங்க கேக்கவேயில்லயே..." சுடரையே பார்த்துச் சொன்னாள். "வண்டிய நான் எடுத்துட்டுப் போயிருந்தேன். சாயங்காலம் அப்பா வேல பாத்த மில்லுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். கூடப் படிச்சவ வந்தா, பேசிக்கிட்டே நின்னுட்டேன். 'நாளைக்கு வாரேன்பா, இன்னைக்கு நடந்து வந்துருங்க'ன்னு போன்ல சொன்னேன். அம்மாக்குக் கூட இது தெரியாது. உங்ககிட்டதான் சொல்லுதேன்."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... இப்போது புரிந்தது. தினமும் கண்ணாடியில் அவள் பார்க்கும் கண்கள்தான் அவை.

"உங்க மேல கோவம் போகல சார். போகுமான்னும் தெரியல. ஆனா உங்கள விட்டா நான் வேற யாருகிட்ட அழுவேன்? ஒருநா பாக்கலேன்னா நெஞ்சு அடைக்குது."

"எனக்கும்..." என்றான் பெனின்.

மழை வலுத்தது. அவள் வண்டி வாசலில் நின்றது. ஏறி உட்காரவில்லை, ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தள்ளத் தொடங்கினாள்.

"ஏன் தள்ளுறீங்க? எல்லாப் பேப்பரும்தான் சரியா இருக்கே..."

"அப்பா நடந்த ரோடு. இன்னைக்கு நானும் நடக்கப் போறேன்." திரும்பிப் பார்த்தாள். "கூட வாரீயளா?"

அவன் ஹேண்டில்பாரின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.