கறை போட ஆள் தேவை

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் காலையில், ஜெபஷீலாவின் வெள்ளைக் கவுனில் ஐந்து விரல்கள் முளைத்தன.

கருஞ்சிவப்பு விரல்கள். அதுவும் முன்பக்கத்தில், யார் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில்.

விரல்களுக்குச் சொந்தக்காரன் அவள் தம்பி விஜய். வயது ஐந்து. சர்ச்சில் காணிக்கை வைக்க அப்பா வாங்கி வைத்திருந்த பன்னீர் திராட்சைப் பெட்டிக்குள் கையை விட்டிருந்தான். பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததைக் கொண்டு வருவார்கள். ஷீலாவின் அப்பாவுக்கு உத்தமபாளையத்தில் பெயிண்ட் கடை. "நம்ம கடையில விளையுறது டப்பாதான். அதையா கொண்டுபோய் வைக்கிறது?" என்று சொல்லித் திராட்சை வாங்கி வந்திருந்தார்.

கவுன் அம்மாவின் வெள்ளைப் பருத்திச் சேலையில் தைத்தது. அம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனார். பாடகர் குழுவில் ஷீலா முதல் வரிசையில் நிற்கப்போகிறாள் என்று தெரிந்ததும், அப்பாதான் பீரோவிலிருந்து சேலையை எடுத்துத் தையற்கடையில் கொடுத்தார்.

அளவு சரியாக இருக்கிறதா என்று ஷீலா அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜய் ஓடி வந்தான். கையைத் துடைத்தான். அவ்வளவுதான்.

"ஏலே! அம்மா சேலைடா அது!"

விஜய் தன் கையைப் பார்த்தான். கவுனைப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான்.

ஷீலா வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு, கவுனைக் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். சிவப்பு விரல்கள் போகவில்லை. நீல விரல்களாக மாறின. இங்க் கொட்டியது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காலைச் சாப்பாட்டுக்கு அப்பா வந்தார்.

"என்னத்தா, மூஞ்சி வாடிக் கிடக்கு?"

ஷீலா கவுனைக் காட்டினாள். அப்பா கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "கடையில தின்னர் இருக்கு. எந்தக் கறையும் போயிரும்" என்றார்.

"துணியும் போயிரும்ப்பா."

"அதுவும் சரிதான்."

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் அத்தை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "சோப்பா போட்ட? திராட்சைக்குச் சோப்பு ஆகாதே! வெந்நியில முக்கி வை."

மறுபக்கச் சுவரில் அடுத்த வீட்டு ஹேமாவதி அத்தையின் தலை தெரிந்தது. "வெந்நியில எங்கன போகும்? உப்புப் போட்டுத் தேய்க்கணும். இல்லைன்னா எலுமிச்சம்பழம். எங்க அண்ணன் வீட்ல அப்பிடித்தான் செய்வாக."

"ஒங்க அண்ணன் வீட்ல வெள்ளைச் சட்டையே கிடையாதே!"

"நீங்க வந்து பீரோவைத் தெறந்து பாத்தீகளா?"

இருவரும் கவுனை மறந்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஷீலா உள்ளே வந்தாள்.

கட்டிலுக்கு அடியில் இன்னும் இரண்டு கால்கள் தெரிந்தன.

"விஜய், தோசை ஆறுது. வா."

"வேணாம்."

"ஏன்டா?"

"நான் அம்மாவைக் கெடுத்துட்டேன்."

ஷீலா தரையில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து மறுபடியும் குரல் வந்தது. "நான் எப்பவும் அதுலதானக்கா துடைப்பேன்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எதைத் தின்றாலும் விஜய் நேரே அடுப்படிக்கு ஓடுவான். அம்மாவின் முந்தானையில் கையைத் துடைப்பான். அம்மா அவனை இழுத்துப் பிடித்து, அதே முந்தானையால் வாயையும் துடைத்து அனுப்புவார். சேலை கவுனாகிவிட்டது என்று அவன் கைக்கு யாரும் சொல்லவில்லை.

ஷீலாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவனை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் இப்போது அவள் கவலை.

"விஜய், எனக்கு ஒரு ஆள் வேணும்டா. கறை போட."

கால்கள் அசைந்தன. "கறை போடவா?"

"ஆமா. எதைப் போட்டாக் கறை போகும்னு அப்பாவோட பழைய வேட்டியில பாக்கப்போறேன். அதுக்கு மொதல்ல கறை வேணும்ல? இந்தத் தெருவுல ஒன்னை மாதிரிக் கறை போட யாரு இருக்கா?"

தலை வெளியே வந்தது. "அப்பா?"

"அவுகளுக்குப் பெயிண்ட் கறைதான் வரும்."

விஜய் யோசித்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு வந்தான்.

கிழித்த வேட்டித் துண்டுகளில் அவன் திராட்சையை நசுக்கிக் கையைப் பதித்தான். ஒவ்வொன்றையும் தள்ளி நின்று பார்த்து, "இது சரியா இல்லை" என்று சிலவற்றில் இன்னொரு கையும் வைத்தான். ஷீலா எல்லாவற்றிலும் சோப்பைத் தேய்த்தாள். அவையும் கவுனைப் போலவே நீலமாயின.

ஒரு துண்டில் உப்பு. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு. நீலம் மறுபடி சிவப்பாகி, வெளுத்து, ரோஜா நிறத்தில் நின்றது. அடுத்ததை வெந்நீரில் முக்கினார்கள்.

"அக்கா, இது பெருசாயிருச்சு!" என்று விஜய் பெருமையாகக் கத்தினான்.

உண்மைதான். விரல் இருந்த இடம் வெளுத்திருந்தது. ஆனால் சுற்றிலும் சாயம் பரவியிருந்தது.

ஷீலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீர் கறையை இழுத்துவிடுகிறது. இழுத்த கறை போக வழியில்லாமல் துணியிலேயே சுற்றுகிறது. டீ வடிகட்டும்போது சாயம் கீழே இறங்குகிற மாதிரி, இதுவும் இறங்கிப் போய்விட்டால்?

"அப்பா, ஒரு பக்கெட்டும் கயிறும் வேணும்!"

ரோஜா நிறத் துண்டைப் பக்கெட் வாயில் இறுக்கிக் கட்டினார்கள். "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க" என்று அப்பா, கொதிக்கும் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினார். பக்கெட்டுக்குள் இளஞ்சிவப்புத் தண்ணீர் விழுந்தது. துணியில் ஒன்றுமில்லை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அப்பா கவுனை எடுத்து வந்தார்.

எலுமிச்சைச் சாறு பிழிந்தாள் ஷீலா. அப்பா ஊற்றினார். ஆள்காட்டி விரல் போனது. நடுவிரல் போனது. ஒவ்வொன்று மறையும்போதும் விஜய் குதித்தான். கட்டைவிரல் மட்டும் அசையவில்லை. இன்னும் ஒரு பாத்திரம் ஊற்றிய பிறகு, அது தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்தது. ஷீலா அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

மறுநாள் முதல் வரிசையில் நின்று பாடினாள். யாரும் தேடவில்லை.

ஆராதனை முடிந்து, காணிக்கைப் பொருட்களைச் சர்ச் வாசலில் ஏலம் விட்டார்கள். அப்பா தாம் கொடுத்த திராட்சையைத் தாமே ஏலத்தில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். விஜய் ஒரு கொத்தைக் காலி பண்ணினான். சாறு முழங்கை வரை வழிந்தது. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் நின்றான்.

"இங்கன வாடா" என்றாள் ஷீலா.

அவன் பின்னால் நகர்ந்தான். "வேணாம்க்கா. கறை."

ஷீலா அவனை இழுத்துப் பிடித்தாள். கவுனின் ஓரத்தால் விரல் விரலாகத் துடைத்தாள். அப்புறம் வாயையும் துடைத்துவிட்டாள்.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வீட்டுக்குப் போற வழியில நாலு எலுமிச்சம்பழம் வாங்கிக்குவோம்" என்றார்.