லினக்ஸ் மேல் விழுந்த பழி

தன் கம்ப்யூட்டரை யாராவது குறை சொன்னால் இளமதிக்குப் பொறுக்காது. மாமா வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடந்த பழைய பெட்டி அது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஓட வைத்தவள் ஆறாம் வகுப்பு படிக்கும் அவளேதான். அதில்தான் அம்மா ரேணுகாதேவி இப்போது பட்டுப்புடவை பார்டர்களுக்கு டிசைன் போடுகிறார்.

அன்று நான்கு மணிக்கு, பெங்களூரில் பட்டுக்கடை வைத்திருக்கும் சக்கரவர்த்தி வீடியோவில் வந்து அம்மாவின் தாழம்பூ பார்டரைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் இருபது புடவைக்கு ஆர்டர். அதற்காகவே வீட்டுக்குப் புதிதாக பிராட்பேண்ட் போட்டார்கள்.

மணி மூன்றரை. மோடம் மாட்ட வந்த சார்லி அண்ணன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"போன்ல வைஃபை வருது. உங்க கம்ப்யூட்டர்லதான் கேபிள் சொருவியும் நெட் வரலக்கா. லினக்ஸ்னாலே பேஜார். அத அழிச்சிட்டு விண்டோஸ் போட்டா சரியாப் பூடும்."

"ஐயோ, என் டிசைன்லாம் அதுக்குள்ளதானே இருக்கு!" என்று பதறினார் அம்மா. "போன்லயே காட்டிடவா?"

"போன்ல டிசைன் கட்டமெல்லாம் எறும்பு மாதிரி தெரியும்மா," என்றாள் இளமதி. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்ணா, இழை அறுந்தா தறியையா மாத்துவாங்க? அறுந்த இடத்தத்தானே தேடுவாங்க?"

சார்லி சிரித்துவிட்டார். "சரி, ஜல்தியா தேடு."

இளமதி திரையைப் பார்த்தாள். மூலையில் 'கேபிள் இணைக்கப்படவில்லை' என்று இருந்தது.

"அது பொய் சொல்லுது. நான்தானே கேபிள சொருவினேன்?" என்றார் சார்லி.

"என் லினக்ஸ் பொய் சொல்லாதுண்ணா."

கம்ப்யூட்டர் பக்கம் கேபிள் இறுக்கமாகத்தான் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே மோடம் வரை போனாள். மோடத்தின் பின்னால் நான்கு துளைகள். கேபிள் முதல் துளையில் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் இருந்த விளக்கு எரியவில்லை.

கேபிளை உருவினாள். நுனியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தாள். கமகமவென்று வாசனை!

"சந்தனம்!"

இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"புதுப் பொருளாச்சே, பொட்டு வைக்காம எப்படி?" என்றார் அம்மா. "சார்லி வெளிய ஏணில ஏறிகினு இருந்தப்ப வச்சேன். முன்னாடி லைட்டெல்லாம் எரிஞ்சிகினு இருந்துச்சு. மறைக்கக் கூடாதேன்னு பின்னாடி, அந்த மொத ஓட்ட மேல வச்சேன்."

இளமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நுனியைச் சுத்தமாகத் துடைத்து, இரண்டாவது துளையில் சொருகினாள். டக்! பச்சை விளக்கு மினுக்கியது. கம்ப்யூட்டரில் 'தானாக இணை' என்பதை அழுத்தினாள். இணைந்துவிட்டது.

சார்லி கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சிக்கபா!"

நான்கு மணிக்குச் சக்கரவர்த்தி வீடியோவில் வந்தார். பார்டரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இருபது இல்லம்மா, முப்பது புடவையா போடுங்க. ஆமா, படம் இவ்ளோ பளிச்சுனு இருக்கே, யாரு கனெக்ஷன் குடுத்தது?"

சார்லி முந்திக்கொண்டு இளமதியைக் கை காட்டினார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் பொண்ணுங்க. ஆறாவது படிக்கிறா."

பேசி முடித்ததும் அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். இளமதியின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"மொதல்லயே இங்க வச்சிருக்கணும்," என்றார்.