மூடுபனிக்குள் ஒரு புள்ளி

“ஜெபசிங் சார் வந்துட்டாராம்மா?”

வாக்கிடாக்கியில் வனக்காவலர் ஒச்சப்பன் கேட்டதும் உமையாள் பொத்தானை அழுத்தினாள். “இல்லண்ணே. உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?”

“தெக்குப் பள்ளம் பூராம் கத்திப் பாத்துட்டோம்மா. ஒரு சத்தமும் இல்ல. டவுன்லருந்து வந்தவங்களும் தேடுறாங்க. பனி கண்ணைக் கட்டுது!”

மேகமலைக்கு மேலே ஒரு முகட்டில் தகரக் கொட்டகை. அதன் கூரைமேல் ரேடார். சூட்டினாலோ வீச்சினாலோ காற்று எங்கே குலுங்குகிறதோ, அங்கிருந்து மெல்லிய எதிரொலி திரும்பி வரும். அதை அளப்பதுதான் உமையாளின் வேலை. அந்த அளவு சரிதானா என்று பார்க்க, அவளோடு வேலை செய்யும் ஜெபசிங் பலூனில் ஒரு கருவிப்பெட்டியைப் பறக்கவிட்டிருந்தான். பெட்டி விழுந்தது. கடைசி சிக்னல் தெற்குப் பள்ளத்துக்கு மேலிருந்து வந்தது. நேற்று மதியம் அதை எடுக்கப் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை! ராத்திரி முழுக்கக் குளிர். யானைகள் நடமாடும் காடு வேறு.

விடியற்காலை. கொட்டகையில் அவளைத் தவிர ஆள் இல்லை. வழக்கமாக இந்த நேரத்துக்கு ஜெபசிங் ஸ்டவ்வை மூட்டித் தொணதொணத்துக்கொண்டிருப்பான். வாயை மூடமாட்டானா என்று எத்தனை நாள் எரிச்சல்பட்டிருக்கிறாள்! இன்று இந்த அமைதி தாங்க முடியவில்லை.

திரையைப் பார்த்தாள். வெயில் இல்லை, காற்று இல்லை, திரை காலி. சட்டென்று ஓர் ஓரத்தில் ஒரு புள்ளி! மறுநொடி மறைந்தது. மீண்டும் வந்தது. மீண்டும் மறைந்தது.

மறைத்தது அவளுடைய புரோகிராம்தான். குலுங்கும் காற்று நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நிற்பது பாறை, மரம். அதெல்லாம் குப்பை, தள்ளிவிடு என்று அவளே பெருமையாக எழுதி வைத்தது.

“நிக்கிறது எல்லாமே பாறையா என்ன?”

தன்னையே கேட்டுக்கொண்டு புரோகிராமை நிறுத்தினாள். திரை முழுக்கப் பாறைகளும் மரங்களும் முளைத்தன. முந்தின நாள் படத்தை எடுத்து ஒப்பிட்டாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, ஒன்றைத் தவிர. வடக்குப் பள்ளத்தில் புதிதாக ஒரு புள்ளி! வெயிலும் காற்றும் இல்லாத நேரத்தில் அங்கே மட்டும் எது காற்றைக் குலுக்கும்?

தீ! பனியில் புகை தெரியாது. ஆனால் சூடு மேலே போகிறதே!

“அண்ணே! வடக்குப் பள்ளம்! அங்க யாரோ தீ மூட்டியிருக்காங்க!”

“வடக்கா? நாங்க சுத்தி வர ரொம்ப நேரமாகுமேம்மா!”

புள்ளி மங்கிக்கொண்டிருந்தது.

“நான் போறேன்.”

“ஒத்தையில போகாதீங்கம்மா! ஆனை நிக்கும்!”

திசைகாட்டியும் கயிறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நீட்டிய கை தெரியாத பனி. விசிலை ஊதினாள், பதில் இல்லை. வழியில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது! மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தோடு ஒட்டி நின்றாள். மூங்கில் முறியும் சத்தம் மெல்லத் தள்ளிப் போனது. இங்கே தனக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்? அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். திடீரென்று மூக்கில் புகை வாசம்!

“ஜெபா!”

“இங்க! இங்க இருக்கேன்!”

பாறை இடுக்கில், வீங்கிய காலை நீட்டி, மடியில் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தான் ஜெபசிங். எதிரே குச்சித் தீ.

“பெட்டியக் காத்து முகட்டத் தாண்டி இங்க கொண்டாந்து போட்டுடுச்சு. மேலருந்து கிழிஞ்ச பலூன் தெரிஞ்சுது. எடுக்க வந்து வழுக்கி விழுந்தேன். இந்தப் பனில புகைய யாரு பாக்கப் போறான்னு தெரியும். ஆனாலும் அணைய விட மனசு வரல. தனியா இருக்க பயமா இருந்துச்சு, உமையா.”

“எனக்கும்தான்” என்றாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

ஒச்சப்பனின் ஆட்கள் வந்து சேர்ந்ததும் தீயை நன்றாக அணைத்துவிட்டு, ஜெபசிங்கைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். முகட்டில் ஒரே ஆரவாரம்! பெட்டியைத் திறந்து பார்த்தால், அதன் கணக்கும் ரேடாரின் கணக்கும் ஒத்துப்போயின.

“இனிமே எதையும் நல்லாப் பாக்காம குப்பைன்னு தள்ளமாட்டேன்” என்றாள் உமையாள்.

“அப்ப நான் பேசுறதையும் சேத்துக்கோ” என்றான் ஜெபசிங், டீயை ஊதிக்கொண்டே.

அவள் திரையைப் பார்த்தாள். வடக்குப் பள்ளத்தில் அந்தப் புள்ளி இப்போது இல்லை. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணத்துக்கொண்டிருந்தான்.